மண்ணுருண்டை கேட்ட நண்டு

கொடுக்கி என்ற நண்டு தன் வளைக்குள் ஓடு கழற்றிக்கொண்டு கிடந்த சமயம், அந்தக் காட்டோடையில் இருந்த மற்ற நண்டுகள் எல்லாம் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டன.

நண்டுக்கு ஓடு கழற்றுவது பெரும்பாடு. பழைய ஓட்டை விட்டு வெளியே வந்தால் உடம்பு தோலுரித்த நுங்கு மாதிரி மெத்தென்று இருக்கும். எந்தக் கொக்கு கொத்தினாலும் கதை முடிந்தது. அதனால் வளை வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு, புது ஓடு இறுகும்வரை மூச்சுக் காட்டாமல் உள்ளேயே கிடக்க வேண்டும். கொடுக்கியும் கிடந்தது. இறுகியதும் மண்ணைத் தள்ளிவிட்டு வெளியே வந்து பார்த்தால், ஓடையில் தண்ணீர் இல்லை. சொந்தக்காரர்களும் இல்லை. கடைசித் தண்ணீரோடு எல்லாம் பெரிய ஆற்றுக்கு இறங்கிப் போயிருந்தன. ஒருவராவது வளை வாயில் ஒரு தட்டுத் தட்டிச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்த நல்ல மனசு ஒருவருக்கும் இல்லை.

"யாராவது இருக்கீங்களா?" என்று கொடுக்கி கூப்பிட்டது.

கூழாங்கற்கள்தான் இருந்தன. அவை என்ன பதில் சொல்லும்?

பெரிய ஆறு வெகுதூரத்தில் இருந்தது. கீரி நடந்து போகலாம். முயல் ஓடிப் போகலாம். நண்டு கிளம்பினால் பாதி வழியிலேயே வெயிலில் காய்ந்து செத்துப்போகும். இங்கேயே இருந்தாலும் கோடை முற்றியதும் அதே கதிதான். தண்ணீர் கிடைத்தால் உயிர், கிடைக்காவிட்டால் சாவு. கொடுக்கியின் நிலைமை அவ்வளவுதான்.

அது யோசித்தது. ஓடைத் தண்ணீர் முழுவதும் ஆவியாகவா போயிருக்கும்? மண்ணுக்கு அடியில் எங்கேயோ ஒரு ஊற்று ஊர்ந்துகொண்டுதான் இருக்கும். எங்கே என்று யாருக்குத் தெரியும்? ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்! காட்டில் வளை தோண்டி வாழ்பவர்கள் எத்தனை பேர்! ஒவ்வொருவர் வளைக்கும் ஒரு ஆழம், ஒரு மண். நண்பகலில் சும்மாதானே படுத்துக் கிடக்கிறார்கள்? அந்த நேரத்தில் வளையின் அடிமண்ணை ஒரு பிடி கிள்ளி, உருண்டை பிடித்துக் கொண்டுவந்தால் போதும். கொடுக்கி கொடுக்கால் அமுக்கிப் பார்த்தாலே ஈரமா இல்லையா என்று சொல்லிவிடும். ஓடையோரத்துச் சப்பைப் பாறைமேல், எந்தத் திசை வளையோ அந்தத் திசையில் உருண்டையை வைக்கலாம். ஈர உருண்டைகள் எந்தப் பக்கம் வரிசை கட்டுகின்றனவோ அந்தப் பக்கம் ஊற்று!

நல்ல யோசனைதான். ஆள்தான் வேண்டும்.

"ஆளுக்கொரு உருண்டை கொண்டாங்க! தண்ணியைக் கண்டுபிடிச்சிரலாம்!" என்று கொடுக்கி கத்திக்கொண்டே இருந்தது. நண்டுக்கு என்ன பெரிய தொண்டை? ஒரு கீரி வந்தது, ஒரு ஓணான் வந்தது, கொறிச்சான் என்ற வெள்ளெலி வந்தது. உருண்டையை வைத்தன. மறுநாள் கீரி வரவில்லை. அதற்கடுத்து ஓணானும் வரவில்லை.

"தண்ணி எங்கக்கா?" என்று கொறிச்சான் கேட்டது.

"இன்னும் நிறைய உருண்டை வேணும் தம்பி."

"அப்ப நிறைய வந்ததும் சொல்லு!" என்று அதுவும் போய்விட்டது.

கொடுக்கி பாறைமேல் தனியாக உட்கார்ந்திருந்தது. உருண்டைகள் காய்ந்து வெடித்தன. அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் இருக்கிற ஈரத்தை அழுது தீர்க்கவும் பயமாக இருந்தது.

இதையெல்லாம் மஞ்சமூக்கன் என்ற மைனா மரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாய்ச்சாலம் மிகுந்த பறவை.

"அக்கா, உனக்கு ஆள் சேர்க்கத் தெரியலை!" என்றது. "சும்மா வான்னா எவன் வருவான்? ஏதாவது ஆசை காட்டணும். என்கிட்ட விடு! காட்டோரத்துல ஒரு விளாமரம் பழமா உதிர்த்துப் போட்டிருக்கு. ஒரு உருண்டைக்கு ஒரு பழம். ஆளை அதிகமா கூட்டிட்டு வர்றவருக்கு மயிலிறகு! பாரு வேடிக்கையை!"

கொடுக்கிக்கு ஒரே சந்தோஷம். தன்னோடு ஒருவர் நின்று பேசுகிறாரே என்ற சந்தோஷம்தான் பாதி.

மைனா காடு முழுக்கப் பறந்து கூவியது. மறுநாள் பாறையைப் பார்க்க வேண்டுமே! திருவிழாக் கூட்டம்! கொறிச்சான் தன் தம்பி, தங்கை, மாமன், மச்சான், மச்சானுக்கு மச்சான் என்று ஒரு படையையே கூட்டிவந்தது. ஆளுக்கொரு உருண்டை. மைனா கொறிச்சானின் தலையில் மயிலிறகைச் செருகியது. "பாருங்கள், எங்கள் காட்டின் ஆள்சேர்ப்பு வீரன்!" என்று முழங்கியது. எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். கொறிச்சான் இறகை ஆட்டி ஆட்டி நடந்தது.

கொடுக்கி உருண்டைகளை அமுக்கிப் பார்த்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே மணல், ஒரே வறட்சி.

"தம்பி, இவங்க எல்லாரும் எந்த வளை?" என்று கேட்டது.

"எல்லாரும் எங்க வளைதான் அக்கா! நாங்க கூட்டுக்குடும்பம்!"

"ஒரே வளையிலிருந்து இத்தனை உருண்டையா? இதை வெச்சு நான் என்னப்பா செய்யறது?"

"ஆள் கேட்டீங்க, ஆள் வந்திருக்கோம்ல? பழத்தைக் கொடுங்க!"

மைனா குறுக்கே விழுந்தது. "அக்கா, முகத்தைத் தூக்காதே! கூட்டம் கலைஞ்சிரும். ஈரமா கொண்டுவந்தா ரெண்டு பழம்னு சொல்லிடறேன். அப்ப நல்ல மண்ணாத் தேடிக் கொண்டுவருவாங்க!"

மைனா அப்படியே சொன்னது. மறுநாள் வந்த உருண்டைகள் அத்தனையும் ஈரம்! நனைந்து சொட்டாத குறை! கொடுக்கி அவற்றை அவசரம் அவசரமாகப் பாறைமேல் அடுக்கியது. கொறிச்சானின் வளை இருந்த மேட்டுப் பக்கம்தான் ஈர உருண்டைகள் குவிந்தன.

"ஊற்று அங்கேதான்!" என்று மைனா கூவியது.

எல்லாரும் ஓடிப்போய்த் தோண்டினார்கள். மணல் வந்தது. இன்னும் தோண்டினார்கள். கெட்டியான சுக்கான்கல் வந்தது. கடைசியில் புழுதி பறந்தது. கொறிச்சானின் வீடு இடிந்ததுதான் மிச்சம். அப்போது ஒரு குட்டி வெள்ளெலி கூட்டத்தில் இருந்து சொன்னது: "நாக்கு வலிக்குது! எத்தனை உருண்டையைத்தான் நக்கி நக்கி நனைக்கிறது!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லா நாக்கிலும் மண் ஒட்டியிருந்தது.

அப்புறம் என்ன? பழியெல்லாம் நண்டின் தலையில்தான் விழுந்தது. "இந்த நண்டு பேச்சைக் கேட்டு நாளை வீணாக்கிட்டோம்! நாம பெரிய ஆத்துக்கே போயிரலாம்!" என்று கூட்டம் கிளம்பியது. பழம் தீர்ந்துபோயிருந்தது, அதனால் திரும்பிப் பார்க்கவும் யாருக்கும் காரணம் இல்லை. கொறிச்சான் மயிலிறகைப் புழுதியில் போட்டுவிட்டுப் போனது.

மைனா மட்டும் கிளையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொடுக்கி பாறைமேல் ஏறியது. பொய் உருண்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டது. நக்காமல் கொண்டுவந்த சில பழைய உருண்டைகளே மிஞ்சின. பாறையின் ஒரு பக்கம் சுத்தமாகக் காலியாக இருந்தது. மலைச்சரிவுப் பக்கம்.

"தம்பி, சரிவுல யாருமே குடியில்லையா?"

"இருக்கான். ஈட்டியப்பன்னு ஒரு முள்ளம்பன்றி. ஒத்தையா இருக்கான்."

"அவரைக் கூப்பிட்டியா?"

"அவன்கிட்ட யாரு போவா அக்கா! முள்ளைச் சிலுப்பினான்னா அவ்வளவுதான்! எலியைக் கேட்டேன், எலியைக் கூட்டிவந்துச்சு. கீரியைக் கேட்டேன், கீரியைக் கூட்டிவந்துச்சு. அவனுக்குத்தான் யாருமே கிடையாதே! அவனை யாரு கூட்டிவருவா?"

"இப்ப போய்க் கூப்பிடேன்."

மைனா விழித்தது. "பழம் தீர்ந்துபோச்சே அக்கா. எதைக் காட்டிக் கூப்பிடறது?"

கொடுக்கி பாறையின் காலிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மைனாவும் ஆற்றுப் பக்கம் பறந்துபோனது. இறக்கை இருப்பவர்களுக்குப் போவது சுலபம்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும், புல்லில் பனி இருக்கும்போதே கொடுக்கி சரிவை நோக்கி நடந்தது. பக்கவாட்டு நடை. ஏற்றம் வேறு. பனி காய்ந்தது. வெயில் ஏறியது. கல் சுட்டது. புது ஓடு என்று பெயர்தான், அதற்குள்ளேயே வெளிறிப்போனது. வழியில் ஒரு குரல் இல்லை. காட்டையே பூட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. 'இங்கே செத்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது' என்று நினைத்துக்கொண்டது. இருந்தாலும் நடந்தது.

ஒருவழியாகச் சரிவில் ஒரு பெரிய வளை தெரிந்தது. வாசலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"ஐயா! வீட்டுல இருக்கீங்களா?"

உள்ளே முட்கள் சலசலத்தன. "யாரது? போ போ! குத்திருவேன்!"

"நான் ஓடை நண்டுங்க. உங்க வளை அடிமண்ணு ஒரு உருண்டை வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

"யாரு அனுப்பினது? என்னைக் கேலி பண்ண வந்தியா?"

"யாரும் அனுப்பலை அண்ணே. எல்லாரும் போயிட்டாங்க. உங்க மண்ணு இல்லாம பாறையில ஒரு பக்கம் காலியாவே கிடக்கு. அதை வேற யாராலயும் நிரப்ப முடியாது."

உள்ளே சத்தம் அடங்கியது. "எனக்கு என்ன தருவே?"

"தர்றதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்லை அண்ணே."

"இந்த வாசலுக்கு வந்து என்கிட்ட யாருமே எதுவும் கேட்டதில்லையே..." என்றது ஈட்டியப்பன்.

பதில் வரவில்லை. அது தலையை நீட்டிப் பார்த்தது. நண்டு கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது.

"ஏய்! நண்டு! எந்திரி!"

ஈட்டியப்பனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொட்டால் முள் குத்திவிடுமோ என்று பயம். உள்ளே ஓடி, தன் படுக்கை மண்ணை வாய் நிறைய அள்ளிவந்து நண்டின்மேல் போட்டது. மறுபடி ஓடியது. மறுபடி போட்டது. கடைசியில் வாசலில் ஒரு மண்மேடும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கொடுக்கும்தான் தெரிந்தன.

அந்தக் கொடுக்கு அசைந்தது. மண்ணை ஒரு கிள்ளு கிள்ளி அமுக்கிப் பார்த்தது.

"அண்ணே!" என்றது கொடுக்கி. "இது எங்க இருந்த மண்ணு?"

"என் படுக்கை. எப்பப் பார்த்தாலும் சில்லுன்னு கிடக்கும். முள்ளெல்லாம் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு ஓரமா ஒடுங்கிப் படுத்துக்குவேன்."

"ஊற்று உங்க படுக்கைக்கு அடியிலதான் இருக்கு அண்ணே!"

ஈட்டியப்பன் வளையைத் திரும்பிப் பார்த்தது. "அப்ப தோண்டினா என் வீடு போயிருமே?"

"போயிரும்" என்றது கொடுக்கி. பொய் சொல்ல அதற்கு மனம் வரவில்லை. "வேண்டாம்னா வேண்டாம் அண்ணே. இந்த மண்ணுக்குள்ள நான் கொஞ்ச நாள் கிடந்துக்குவேன். நீங்க கொடுத்ததே பெரிசு."

ஈட்டியப்பன் வாசல் மண்ணைக் காலால் கிளறியது. பிறகு வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டது: "தோண்டித் தண்ணி வந்தா... நீ இங்கேயே இருப்பியா?"

"தண்ணி இருக்கற இடந்தானே அண்ணே நண்டுக்கு வீடு. இருப்பேன்."

அவ்வளவுதான். ஈட்டியப்பன் உள்ளே பாய்ந்து தோண்டத் தொடங்கியது! மண் பின்னால் பறந்தது. கொடுக்கி அதை இழுத்து இழுத்து வெளியே தள்ளியது. முதலில் சேறு வந்தது. பிறகு ஒரு கல் பெயர்ந்தது. அதற்கடியிலிருந்து குளுகுளுவென்று தண்ணீர் பொங்கியது. படுக்கை மூழ்கியது. வாசல் மூழ்கியது. வீட்டை இழந்த ஈட்டியப்பன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பை அதுவே அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டது.

ஊற்று நிரம்பிச் சரிவில் வழிந்தது. மேலே பறந்த மைனா பார்த்துவிட்டது. செய்தி ஆற்றங்கரை வரை போனது. கீரி வந்தது, முயல் வந்தது, கொறிச்சான் குடும்பம் குட்டிகளோடு வந்தது. நண்டுகள் மட்டும் வரவில்லை. அவை ஆற்றோடு எங்கோ கீழே போய்விட்டதாக மைனா சொன்னது. கொடுக்கி அதைக் கேட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது.

வயிறு முட்டக் குடித்த பிறகு கொறிச்சானுக்குக் கோபம் வந்தது.

"என்ன ஆளுய்யா நீ! காடே தண்ணிக்கு அலைஞ்சுச்சு. இத்தனை நாளும் தண்ணி மேலேயே படுத்துக்கிட்டு, ஒரு வார்த்தை சொல்லலையே!"

ஈட்டியப்பன் கோபப்படவில்லை.

"நீங்க யாரும் என்னைக் கேக்கவே இல்லையே" என்றது.

மைனா இறக்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பரிசைக் காட்டிக் கூட்டிய கூட்டம் பரிசு தீர்ந்ததும் கலைந்துபோகும். யாரும் கூப்பிடாத ஒருவரின் வாசலுக்கு நாமே போய் "நீங்கள் வேண்டும்" என்று கேட்டால், அவர் கடைசிவரை நம்மோடு நிற்பார்.