கடலுக்காக நட்ட கன்றுகள்

"அம்மா, எண்ணம் ஓயவே மாட்டேங்குது. அதை நிறுத்த ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் தவசிமுத்து. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு கடலோடு சேரும் அந்தக் கழிமுகத்தில் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தார்.

கேட்கப்பட்டவர் உலகம்மை. ஏட்டைவிட வயதில் இளையவர். மேட்டில் ஓலைக் குடிசை போட்டுக்கொண்டு தனியாக இருந்தார். துறவி என்று சிலர் சொன்னார்கள், கிறுக்கு என்று சிலர் சொன்னார்கள். இரண்டு பேச்சுக்கும் அவர் சிரித்துக்கொண்டார்.

அம்மை ஒரு கூடையை எடுத்து ஏட்டின் கையில் வைத்தார். உள்ளே முருங்கைக்காய் மாதிரி நீளநீளமாகப் பச்சைக் காய்கள்.

"என்னம்மா இது?"

"சுரபுன்னை. மரத்துல தொங்கும்போதே முளைச்சிரும். சேத்துல குத்தி வச்சாப் போதும்."

"நான் கேட்டது வந்து..."

"தண்ணி வத்தியிருக்கு ஏட்டையா. இப்ப நட்டாத்தான் உண்டு."

ஏட்டு நடப் போனார்.

அந்த இடத்தில் முன்பு அலையாத்திக் காடு இருந்தது. விறகுக்கு வெட்டினார்கள். இறால் பண்ணைக்கு வெட்டினார்கள். காடு போன பிறகு அலை நேராக ஓடி வந்தது. மழைக்காலந்தோறும் மீனவர் தெருவுக்குள் நுழைந்தது. முன்வரிசை வீடுகள் சுவரோடு போய்விட்டன.

இப்போது கடலுக்கு எதிரே முதலில் நிற்பது ரோஸ்மேரியின் வீடு. மீன் விற்கிறவள். வாய் ஓயாதவள்.

"இன்னொரு தடவை கடல் உள்ள வந்துச்சுன்னா, சட்டி பானையைக் கட்டிக்கிட்டு எங்க அக்கா ஊருக்குப் போயிருவேன்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவள் போனால் தெருவே போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஏட்டு நட்டார். கடல் ஏற்றத்தில் வந்த தண்ணீர் பாதிக் கன்றுகளைச் சாய்த்தது. மறுபடியும் நட்டார். மறுபடியும் சாய்த்தது.

ஏட்டுக்குக் கோபம் வந்தது. பனைமட்டைகளை வரிசையாக ஊன்றினார். களிமண்ணை வாரி அப்பினார். கன்றுகளைச் சுற்றி இடுப்பளவு வரப்பு எழுந்தது. ஒரு மாதம் முதுகு ஒடிய வேலை.

ரோஸ்மேரி கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"என்ன ஏட்டையா, கடலைப் பிடிச்சு லாக்கப்புல போடப் போறீங்களா?"

"தேரோட்டத்துக்கு வந்த கூட்டத்தையே கயிறு கட்டி நிறுத்தினவன் நான். இது என்ன, வெறும் தண்ணி."

தண்ணீர் வரப்புக்கு வெளியே நின்றது. ஏட்டுக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மையைக் கூட்டி வந்து காட்டினார்.

அம்மை பார்த்தார். திரும்பிப் போனார்.

கொஞ்ச நாளில் வரப்புக்குள் தேங்கிய தண்ணீர் வெயிலில் காய்ந்து குழம்பு மாதிரி ஆனது. சேறு நாறியது. கன்றுகளின் இலைகள் மஞ்சளாயின. கடல் எங்கோ கசிந்து வருகிறது என்று நினைத்து ஏட்டு வரப்பை இன்னும் உயர்த்தினார்.

ஒரு காலையில் அவர் வந்து பார்த்தபோது அம்மை சேற்றில் நின்றுகொண்டிருந்தார். கையில் மண்வெட்டி. சேலையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகியிருந்தார். வரப்பில் ஒரு பெரிய வாய் வெட்டியாகிவிட்டது.

"அம்மா! என்ன காரியம் பண்ணிட்டீங்க? கடல் உள்ள வந்துருமே!"

"வரட்டுமே. அதுக்குத்தானே நட்டோம்?"

ஏட்டு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. தான் தங்கியிருந்த குடிசைத் தாழ்வாரத்துக்குப் போனார். தகரப் பெட்டியில் வேட்டி சட்டையைத் திணித்தார். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வழியில் ரோஸ்மேரி எதிரே வந்தாள்.

"பெட்டியோட எங்க கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு. கிறுக்குன்னு சொன்னாங்க. நான்தான் நம்பல."

"போறதுன்னா போங்க. பிள்ளை மாதிரி வளர்த்தீங்களே, அதுகளை ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க."

பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தார். கால் அந்தப் பக்கம் திரும்பியது.

ஏற்றம் வந்துகொண்டிருந்தது. அம்மை வெட்டிய வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே நுழைந்தது. முட்டவில்லை, மோதவில்லை. சொந்த வீட்டுக்குள் வருகிறவர் மாதிரி வந்தது. வேர் பிடித்திருந்த முதல் கன்று தலையைச் சாய்த்தது. தண்ணீர் தாண்டிப் போனதும் நிமிர்ந்தது. அடுத்தது சாய்ந்து நிமிர்ந்தது. அதற்கடுத்தது.

கன்றுகளின் நடுவே பொடிமீன் கூட்டம் ஒன்று பளபளத்துத் திரும்பியது.

ஏட்டு பெட்டியைக் கீழே வைத்தார். அதன் மேல் உட்கார்ந்தார்.

வந்த தண்ணீர் தங்கவில்லை. வற்றம் தொடங்கியதும், தேங்கிக் கிடந்த கறுப்பையும் நாற்றத்தையும் கூட்டிக்கொண்டு வந்த வழியே போனது. சேற்றில் ஒரு நண்டு வெளியே வந்து ஏட்டைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கியது.

பஸ் போகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

ஏட்டு சட்டையைக் கழற்றிப் பெட்டி மேல் போட்டார். சேற்றில் இறங்கினார். தான் கட்டிய வரப்பைத் தன் கையாலேயே பிடுங்கத் தொடங்கினார். ஒவ்வொரு மட்டையும் பிடுங்கப் பிடுங்க அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. எண்ணத்தை நிறுத்த வந்தவர் என்பதே மறந்துபோயிருந்தது.

வெயில் சாயும்போது, தலை முதல் கால் வரை சேறாக, குடிசை வாசலில் வந்து நின்றார்.

"மிச்சத்தையும் நானே உடைச்சிட்டேம்மா."

"கை கால் கழுவிட்டு வாங்க. கஞ்சி ஆறுது" என்றார் அம்மை.

அடுத்த பௌர்ணமிக்குள் கன்றுகள் புது இலை விட்டன.

அதைப் பார்க்க ரோஸ்மேரி வந்தாள். பார்த்தவள் சும்மா போகவில்லை. தெருவையே கூட்டிக்கொண்டு வந்தாள். வலை பின்னுகிறவர்கள் வந்தார்கள், படகு ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். ஏட்டு பழக்கத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தப் பார்த்தார். ஒருவரும் நிற்கவில்லை. இஷ்டத்துக்கு இறங்கினார்கள், வழுக்கி விழுந்தார்கள், விழுந்த இடத்திலேயே நட்டார்கள்.

அம்மை இடுப்பு வரைக்கும் சேற்றில் புதைந்துபோனார். தோணியை இழுக்கிற மாதிரி ஏலேலோ போட்டு இழுத்தார்கள். இழுத்தவர்கள் எல்லாரும் மல்லாந்து விழுந்தார்கள். அம்மையின் சிரிப்பு அக்கரைவரை கேட்டது.

மூன்றாவது மழைக்காலத்தில் கன்றுகள் ஆள் உயரம் தாண்டியிருந்தன. குடைக்கம்பிகளை விரித்தது போல வேர்களை ஊன்றி, அடர்த்தியாக நின்றன.

அந்த வருஷம் புயல் பலமாக இருந்தது. விடிய விடிய காற்று. பொழுது விடிந்ததும் ஏட்டு ஒரு கயிற்றுச் சுருளோடு மீனவர் தெருவுக்கு ஓடினார். அம்மை அவருக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார்.

ஓடும்போதே பார்த்தார். கடல் எழும்பி வருகிறது. சுவர் மாதிரி வந்த அலை காட்டுக்குள் நுழைந்தது. மரங்களுக்கு நடுவே புகுந்து, பிரிந்து, நுரை இழந்து, இந்தப் பக்கம் வெளியே வந்தபோது அது அலையாகவே இல்லை. ஆனாலும் வந்தது. தெருவில் ஏறியது. ரோஸ்மேரியின் வாசலுக்கு நேரே போனது.

ஏட்டு வாசலை நோக்கிக் கத்தினார்.

"ரோஸ்மேரி! வெளிய வா! கடல் வந்துட்டு!"

"ஆமாய்யா, வந்துருக்கு!" உள்ளேயிருந்து குரல் வந்தது. "விருந்தாளி வெறுங்கையோட வரல. இங்க வந்து பாருங்க!"

ஏட்டு எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். சுவர் சுவராக நின்றது. சட்டி பானை எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ரோஸ்மேரி குனிந்து சோற்றுப் பானையால் தண்ணீரை மொண்டாள். பானைக்குள் இறால்கள் துள்ளின. ஒன்று துள்ளி அவள் மூக்கில் அடித்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

வாசல் திண்ணை ஓரத்தில் உலகம்மை உட்கார்ந்திருந்தார். மழை தலையில் பெய்துகொண்டிருந்தது.

ஏட்டின் கையிலிருந்து கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"அம்மா, இது எப்படி..."

அம்மை திண்ணையில் சற்று நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.

"காலைத் தொங்கவிட்டு உட்காருங்க ஏட்டையா. வெதுவெதுன்னு இருக்கு."