ராட்டினம் தாங்குமா?

இருட்டியதும் தீம் பார்க்கில் 'கிரீச்... கிரீச்' என்று ஒரு சத்தம். ராட்சத ராட்டினம்தான்! நாலு பேர் உட்காரும் அதன் கூண்டில் ஏறப்போன குண்டு அமலோற்பவத்தை மேனேஜர் தணிகாசலம் மறித்தார்.

"உங்க உடம்பை இது தாங்காதும்மா. ஒடிஞ்சிடும்!"

ஒரு சுற்றாவது சுற்றாமல் வீடு திரும்புவதில்லை என்று வந்திருந்த பள்ளிக்கூட ஆயா அவள். வரிசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, அக்கா! சார் உண்மையைச் சொல்லிட்டாரு. என் ஒருத்திக்கே ஒடியுமாம். நீங்க நாலு நாலு பேரா ஏறப்போறீங்களே! புள்ளைங்கள இழுத்துக்கிட்டு ஓடுங்க!"

வரிசை கலைந்தது. மேலே சுற்றியவர்கள், "இறக்குங்கய்யா!" என்று அலறினார்கள்.

"ஐயோ, ரெண்டு யானையைக்கூடத் தாங்கும்!" என்றார் மேனேஜர்.

"அப்போ இந்தம்மாவோட நீங்களும் ஏறுங்க சார்!" என்றது கூட்டம்.

ஒருநாளும் ராட்டினம் ஏறாத தணிகாசலம் ஏறினார். "வேகமா விடுங்கண்ணே!" என்று அமலோற்பவம் ராட்டினம் ஓட்டுபவரைப் பார்த்துக் கூவ, மேனேஜர் கதவை உள்ளேயிருந்து தாழிட்டு, தாழை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.