பிணத்துக்கு ஒரு வசனம்

"வாத்தியாரம்மா, நான் என்ன பாவம் பண்ணினேன்? எந்த நாடகம் போட்டாலும் எனக்குப் பொண வேஷந்தானா?"

கேட்டவர் இமான்குல், வயது நாற்பத்தெட்டு. வாத்தியாரம்மாவின் பெயர் அனிபா, வயது இருபத்தாறு.

வயசைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். கிர்கிஸ் தேசத்தில் நாடகப் பள்ளிக்கூடம் என்று ஒன்று தொடங்கி அப்போது நாலே வருஷம். குதிரை மேய்த்தவர்களும் கம்பளி அடித்தவர்களும் மலையை விட்டு ஃபுரூன்ஸே பட்டணத்துக்கு இறங்கி வந்து நடிகர்கள் ஆன காலம் அது. அனிபா தாஷ்கெண்டில் ரெண்டு வருஷம் நாடகம் படித்தவர். அதனால் அவர் வாத்தியாரம்மா. அவ்வளவுதான் விஷயம்.

இமான்குலின் சொத்து அவருடைய தொண்டை. குதிரைப் பந்தயத்தில் எது முந்துகிறது என்று கூவி அறிவிப்பதுதான் அதுவரை அவருக்கு வேலை. ஆற்றின் இந்தக் கரையில் கூவினால் அந்தக் கரையில் ஆடு மிரளும். அப்பேர்ப்பட்ட தொண்டையை வைத்துக்கொண்டு மூணு நாடகத்தில் வாயைத் திறக்காமல் மல்லாந்து கிடந்தால் மனுஷனுக்கு வயிறு எரியாதா?

அனிபா ஒரு கிண்ணம் நிறைய குமிஸ் ஊற்றினார். குமிஸ் என்றால் புளிக்க வைத்த குதிரைப்பால். அந்த ஊரில் தண்ணீருக்குப் பதில் அதைத்தான் குடிப்பார்கள்.

"படுங்க, அண்ணே."

படுத்தார்.

அனிபா கிண்ணத்தை அவர் நெஞ்சின்மேல் வைத்தார்.

"இது அலையாம நிக்கிற அன்னைக்கு வாங்க. பேசலாம்."

மூச்சு விட்டால் நெஞ்சு ஏறும், நெஞ்சு ஏறினால் குமிஸ் கொட்டும். முதல் வாரம் சட்டை முழுக்க நாறியது. பட்டணத்து நாய்கள் அவர் பின்னாலேயே நடந்தன. ஆனாலும் பிடிவாதக்காரர். மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கக் கற்றுக்கொண்டார். ஒரு மாசத்தில் கிண்ணம் கல்லில் வைத்தது போல் நின்றது.

நேரே அனிபாவிடம் போய், இப்போதாவது ஒரு வசனம் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

"செத்தவன் சொல்லாம இருக்கவே முடியாத வசனம் ஒண்ணு கொண்டு வாங்க," என்றார் அனிபா. "நாடகத்துல சேர்த்துடறேன்."

இமான்குலுக்குத் தலைகால் புரியவில்லை. விடிவதற்குள் வசனம் தயார். மலைகளே, என் ரத்தத்துக்குச் சாட்சி சொல்லுங்கள் என்று ஆரம்பித்து நாற்பது வரி.

அனிபா முழுக்கக் கேட்டார். "இதைச் சொல்லாம இருக்க முடியுமா உங்களால?"

இமான்குல் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

"முடியும்."

"அப்ப வேற கொண்டு வாங்க."

அடுத்தது, கொன்றவனுக்குச் சாபம். அதையும் சொல்லாமல் இருக்க முடிந்தது. அதற்கடுத்தது, புதிய காலம் வாழ்க. அதைச் சொல்லாமல் இருப்பதுதான் ரொம்பச் சுலபமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து அந்தச் சேதி வந்தது. கோடையில் நாடகக் குழு மலைமேல் சுற்றுப்பயணம் போகிறது. முதல் ஆட்டமே இமான்குலின் சொந்த மேய்ச்சல் மேட்டில்.

இமான்குல் ஆடிப்போய்விட்டார்.

காரணம் இருக்கிறது. பட்டணத்தில் நான்தான் தலைமை நடிகன் என்று ஊருக்குப் போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொல்லி அனுப்பியிருந்தார். மனைவி புருல் அதை நம்பினாளோ இல்லையோ, மச்சான் தௌலத் நம்பவில்லை. உன் தொண்டை காக்கா விரட்டத்தான் லாயக்கு என்று கிளம்பும்போதே சொன்னவன் அவன். போதாக்குறைக்கு, இமான்குல் உயிராக வளர்த்த சாம்பல் குதிரையும் அவன் பொறுப்பில்தான் இருந்தது.

"ஊரே சிரிக்கட்டும், தாங்கிக்குவேன். தௌலத் சிரிச்சா தாங்க மாட்டேன், வாத்தியாரம்மா. ஒரே ஒரு வரி. 'தண்ணி'ன்னு சொல்லிட்டுச் செத்துப்போறேனே."

"கொண்டு வாங்கன்னுதானே நானும் சொல்றேன்," என்றார் அனிபா.

வரி கிடைக்கவில்லை. லாரி கிளம்பிவிட்டது.

ஆற்றோர மேய்ச்சல் மேட்டில் ஒரு கம்பளிக் கூடாரத்தைப் பாதி பிரித்துப் போட்டார்கள். அதுதான் மேடை. புல்தரையில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். நாடகம் என்ற ஒன்றை அவர்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. இதெல்லாம் நிஜமில்லை, பாவனை என்று அனிபா முன்கூட்டியே விளக்கிச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கதை சின்னக் கதை. பண்ணையார் ஒரு மேய்ப்பனைக் கொன்றுவிடுகிறார். திரை விலகும்போதே மேய்ப்பன் செத்துக் கிடக்கிறான். கறுப்பு உடுத்த ரெண்டு நடிகைகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார்கள்.

இமான்குல் படுப்பதற்கு முன் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார். புருலும் இல்லை, தௌலத்தும் இல்லை. பால் கறந்து முடியவில்லை போலிருக்கிறது. அப்பாடா என்று செத்துப்போனார்.

திரை விலகியது. கொஞ்ச நேரத்தில் குளம்புச் சத்தம் கேட்டது.

மேட்டைத் தாண்டிப் புருலும் தௌலத்தும் சொந்தக்காரர்களும் பதினோரு குதிரையில் வந்தார்கள். அனிபாவின் விளக்கத்தைக் கேட்காதவர்கள். அவர்கள் கண்ணில் பட்டது திறந்த கூடாரம், கறுப்பு உடுத்த பெண்கள், நடுவில் நீட்டி நிமிர்ந்து கிடக்கும் இமான்குல். வேறென்ன வேண்டும்?

அந்தத் தேசத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த கூடாரம் கண்ணில் பட்டதும் ஆண்கள் வாய்விட்டு அலறிக்கொண்டே குதிரையை விரட்டி வரவேண்டும். முதலில் அலறியவன் தௌலத். "என் மலையே, என் துணையே, என்னை விட்டுட்டுப் போயிட்டியே," என்று மலையே அதிர வந்தான்.

புருல் குதிரையை விட்டு இறங்கி நேரே மேடைக்கு ஏறினாள். வழக்கப்படி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பில் கைகளை ஊன்றி, ஒப்பாரியை எடுத்தாள். ரெண்டு நடிகைகளும் வாயை மூடிக்கொண்டார்கள். அப்படி ஒரு வசனம் அவர்கள் பாடத்தில் இல்லை.

"உன் குறட்டைக்குப் பயந்து ஓநாய் ஒதுங்குமே, இனி என் ஆட்டுக்கு யார் காவல்? பெரிய நடிகன்னு சொன்னியே, நம்பாமலே அனுப்பி வச்சேனே, பாவி நான்."

பாவனை என்று தலையாட்டிய இருநூறு பேரும் இப்போது குழம்பிப்போனார்கள். பிறகு அவர்களும் அழுதார்கள்.

அனிபா திரைக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் நின்றிருக்கும். பதறி ஓடிவந்த நடிகர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

இமான்குலின் கண்ணோரம் ஒரு சொட்டு கசிந்து காதுக்குள் இறங்கியது. நெஞ்சு மட்டும் அசையவில்லை.

கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் எழுந்து, சாவு வீட்டில் கேட்க வேண்டியதை முறைப்படி கேட்டார். இவர் எப்படிப்பட்ட மனுஷர்?

நல்ல மனுஷர் என்று இருநூறு குரல் சொன்னது. தௌலத் குரல்தான் அதில் உரக்கக் கேட்டது.

அந்த நிமிஷத்தில் இமான்குலுக்கு எந்தக் குறையும் இல்லை. உலகத்திலேயே பெரிய வேஷம் பிணந்தான் என்று தோன்றியது. இனி ஆயுசுக்கும் வசனமே கேட்பதில்லை என்று முடிவுகூடச் செய்துவிட்டார்.

தௌலத் மூக்கைத் துடைத்துக்கொண்டான். துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடணும், வழக்கப்படி குதிரை ஒன்று அறுக்கணும் என்றான். செத்தவருடைய குதிரையாகவே இருந்தால்தான் அவருக்கு மரியாதை. சாம்பல் குதிரையைக் கொண்டுவரச் சொன்னான்.

கயிறு கட்டுகிற சத்தம். கத்தி தீட்டுகிற சத்தம். சாம்பல் குதிரை ஒருமுறை கனைத்தது.

"என் குதிரையை விடுங்கடா!"

அக்கரையில் ஆடு மிரண்டது.

முறைப்படி கேட்ட பெரியவர் முறையில்லாமல் பின்பக்கமாக விழுந்தார். ரெண்டு நடிகைகளும் ஓட்டம் பிடித்தார்கள். பிணம் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கியது.

கூட்டம் அப்புறம் சிரித்தது பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உருண்டார்கள்.

புருல் ஒரு காலணியைக் கழற்றி அவர்மேல் எறிந்தாள். இனிமேல் நிஜமாகச் செத்தாலும் அழமாட்டேன் என்றாள். தௌலத் கத்தியைக் கீழே போட்டான். சொன்ன நல்லதையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். ஆனால் அவன் மட்டும் சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு குதிரையின் கட்டை அவிழ்த்தான்.

இமான்குல் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அனிபாவிடம் வந்தார். நாடகத்தைக் கெடுத்துவிட்டேன் என்றார்.

அனிபா காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"என்ன சொன்னீங்க? மெதுவாத் திருப்பிச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மறுநாள் வேறொரு மேய்ச்சல் மேடு, புதுக் கூட்டம். பண்ணையார் குதிரையைப் பிடித்துப் போகிற இடத்தில் அந்த வசனம் சேர்ந்திருந்தது.

இமான்குல் நாலாபக்கமும் பார்த்தார். தௌலத் இல்லை. கத்தி இல்லை. குதிரைக்குப் பதில் மேடை ஓரத்தில் ஒரு வெறுங்கயிறு கிடந்தது.

"குதிரை எங்கே, வாத்தியாரம்மா? அது இல்லாம எனக்கு எப்படி வரும்?"

அனிபா கிண்ணத்தை எடுத்து விளிம்பு வரை குமிஸ் ஊற்றினார்.

"படுங்க, அண்ணே."