லாங்மன் திமிங்கிலத்தின் மேல் ஒரு கோடு

மொராயிஸ் இருபது வருடம் மீன் ஏலம் கூவியவர். ஐம்பது வயதுக்கு மேல் அதை விட்டுவிட்டு, திமிங்கிலங்களைப் பார்த்துப் பதிவு செய்யும் படகில் சேர்ந்தார். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவள் மணியரசி. வயதில் மிகவும் இளையவள். ஆனாலும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

போன வருடம் குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் ஒன்றைப் பார்த்து, ‘லாங்மன் திமிங்கிலம்’ என்று பதிவேட்டில் எழுதினார். அதை உயிரோடு பார்த்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். ஊரில் அவருக்கு மாலை போட்டார்கள்.

இன்று காலை அதே கடல். படகின் மேல்தட்டில் அவர் மட்டும் நின்றிருந்தார். முன்னால் மூன்று எழுந்தன. நெற்றி குடம்போலப் புடைத்திருந்தது. அதன் கீழே அலகு தனியாக நீண்டது. நாலு மூச்சு விட்டன, அமிழ்ந்தன.

இறங்கி வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

“என்னண்ணே, குழம்பு ஆறுது.”

“டீச்சர், இன்னைக்குப் பார்த்ததுதான் லாங்மன். போன வருஷம் பார்த்தது நெத்தி சரிஞ்சு இருந்துச்சு. அது வேற. தப்பா எழுதிட்டேன்.”

மணியரசி பழைய பதிவேட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

“அடிச்சிடுங்க.”

“ஏலத்துல கூவின விலையை மாத்தினா, அன்னைக்கோட கூவினவன் வாய்க்கு மதிப்புப் போச்சு. இன்னைக்குப் பார்த்ததை எழுதாம விட்டுட்டா?”

“பார்த்தீங்கல்ல?”

“பார்த்தேன்.”

“அப்ப எழுதணும்.”

“சரி. பழசு மேல வெள்ளை மை பூசிடுவோம்.”

“கூடாது.”

“பக்கத்தைக் கிழிச்சா?”

“பக்கத்துக்கு நம்பர் இருக்கு.”

அவருக்குச் சுள்ளென்று ஏறியது.

“கீழே உங்க கையெழுத்தும்தான் இருக்கு. உங்க மானமும் சேர்ந்து போகும்.”

“ஆமா. நானும் சரியா பார்க்காம போட்டேன். கோட்டுக்குப் பக்கத்துல நானும் போடணும்.” பேனாவை நீட்டினாள். “ஒரே கோடு. அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும்.”

கோடு போட்டார். இருவரும் தேதியோடு கையெழுத்திட்டார்கள்.

மொராயிஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஆறிப்போன குழம்பை ஊற்றிப் பிசைந்து, நாலு வாய் வேகமாகச் சாப்பிட்டார். அப்புறம்தான் கேட்டார்.

“படிக்கிறவன் சிரிப்பானே, டீச்சர்?”

மணியரசி புதுப் பதிவேட்டைத் திறந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சிரிக்கட்டும். சிரிச்சிட்டு, இன்னைக்கு எழுதறதை நம்புவான்.”