மூத்த வழி மன்னனும் ஏழு நாள் சாம்பலும்

எபிரேய மலைகளுக்கு நடுவே ஒரு ராஜ்யம் இருந்தது. காலையில் ஆடு வழி தவறினால் மதியம் அயல்நாட்டில் மேய்ந்துகொண்டிருக்கும், அவ்வளவு பெரிய ராஜ்யம்! அதன் மன்னன் எல்நாதானுக்கோ உலகமே தன் சொந்தம் என்று நினைப்பு.

எல்லைக்கு அப்பால் தேமார் என்ற இடையர்களுக்குக் கோடையிலும் வற்றாத கிணறு ஒன்று இருந்தது. மன்னன் அதன்மேல் கண் வைத்தான். படையெடுக்கலாம்தான், படை என்று ஒன்று இருந்தால். ஆகவே வம்சாவளி எழுதும் அசரியேலைக் கூப்பிட்டான்.

"வெள்ளத்தில் தப்பிய நோவாவின் மூத்த வழி நான்தான் என்று எழுது. பூமியிலுள்ள எழுபது இனமும் என் இளைய வழி. கிணறு மூத்தவனுக்குத்தானே சேரும்?"

அசரியேலின் மனைவி தேமார் வீட்டுப் பெண். கிணறு போனால் அவள் பிறந்த வீடே தாகத்தில் சாகும். எழுதாவிட்டால் இவன் தலை போகும்.

எழுதினான். யாரும் கேள்விப்படாத முப்பது பாட்டன்களைத் தானே பெற்றெடுத்து, மன்னனில் கொண்டுவந்து முடித்தான். சபையில் வாசித்தபோது மன்னன் பூரித்துப்போனான்.

"முப்பது பேருக்கும் என் மூக்குதான் இருந்திருக்கும்!"

மந்திரிகள் ஆமாம் போட்டார்கள். அதற்குத்தானே அவர்களுக்குச் சோறு.

அந்த நேரம் பார்த்து, தேமார் கூட்டத்தில் ஒரு கிழவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அசரியேல் பாய்ந்து போய், மன்னனின் புத்தம்புது ஊதா அங்கியைக் கழுத்திலிருந்து டர்ரென்று கிழித்தான்.

"என்னய்யா செய்கிறாய்!"

"துக்கம், அரசே! சொந்தத்தில் சாவு விழுந்தால் மூத்தவர் ஆடையைக் கிழித்து, ஏழு நாள் சாம்பலில் உட்கார வேண்டாமா? இறைச்சி கிடையாது, இசை கிடையாது."

மறுத்தால் மூத்தவன் இல்லை என்று ஆகிவிடுமே! மன்னன் உட்கார்ந்தான். ஏழாம் நாள் எழப்போனவனை அசரியேல் மறித்தான்.

"கடலோரத்தில் ஒரு மீனவர் போய்விட்டார், அரசே. இன்னும் ஏழு நாள்."

அது முடியுமுன் வடக்கே ஒரு தச்சர் கண்ணை மூடினார்.

"இது எப்போதய்யா முடியும்?"

"எழுபது இனத்திலும் யாரும் சாகாமல் இருந்தால் உடனே முடிந்துவிடும், அரசே."

மூன்றாம் வாரம் மன்னன் தும்மிக்கொண்டே கத்தினான். "மாற்றி எழுது! நான் யாருக்கும் மூத்தவன் இல்லை. சாவுக்குச் சொல்லியனுப்பவே தேவையில்லாத தூரத்து உறவு!"

"தேமாருக்குமா?"

"முதலில் அவர்களுக்கு எழுது!"

அசரியேல் எழுதினான், முத்திரையும் வாங்கினான். பிறகு நிதானமாகச் சுருளைச் சுருட்டினான்.

"நல்லது அரசே. அவ்வளவு தூரத்தில் நின்றுகொண்டு அவர்கள் கிணற்றில் வாளி விட முடியாது."

மன்னன் திருதிருவென்று விழித்தான். பிறகு சாம்பல் பறக்கச் சிரித்தான். அங்கியைக் கழற்றி அசரியேல் மேல் வீசினான்.

"இந்தா பரிசு. கிழித்தவனே தைத்துப் போட்டுக்கொள்!"