அடுத்த பந்தி

தேவசகாயத்துக்கு வயது நாற்பத்துநான்கு. இருபது வருடம் சைட் சூப்பர்வைசராகக் கம்பியோடும் சிமெண்டோடும் மல்லுக்கட்டியவர். மாலைக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கி, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் மரகதவல்லியிடம் தொழில் கற்க வந்து சேர்ந்தார். குரு சிஷ்யரைவிட ஏழு வயது இளையவர். கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை?

ஒருநாள் கேட்டார். "மேடம், நான் எப்ப சொந்தமா கையெழுத்துப் போடலாம்?"

மரகதவல்லி வரைபடத்திலிருந்து தலை நிமிராமல், "அந்தக் கல்யாண மண்டபம் என்னாச்சு?" என்றார்.

அது ஒரு பழைய கட்டடம். மாடியில் டுட்டோரியல் நடந்துவந்த பெரிய அறையைச் சாப்பாட்டுக் கூடமாக மாற்றியிருந்தார் உரிமையாளர். தளம் தாங்கும் என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தால் வெள்ளிக்கிழமை அங்கே முதல் கல்யாணம். கணக்குப் போட்டது தேவசகாயம்தான்.

"தாங்கும் மேடம். மேசை, நாற்காலி, உக்காந்து சாப்பிடுறவங்க, பரிமாறுறவங்க, எல்லாம் சேத்தாச்சு. நீங்க சரின்னா என் பேர்லயே குடுத்துடுறேன்."

"அப்ப மத்தியானம் அங்க போவோம்."

உச்சிவெயிலில் பேய் நடமாடும் என்பார்கள். மண்டபத்தில் ஈ காக்கை இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டுக் கீழ்க்கூடத்தில், மாடித்தளத்தைத் தாங்கும் உத்தரத்தின் அடியில் தொடும்படி டயல் கேஜை நிறுத்தச் சொன்னார் மரகதவல்லி. தளம் மயிரிழை இறங்கினாலும் அதன் முள் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு வரை இறங்கலாம் என்று முகப்பில் சிவப்பாக ஒரு கோடும் போடச் சொன்னார்.

"மேல பளு ஒண்ணும் ஏத்தலையே மேடம்?"

"பேசாம உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மாடியில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு வரிசையாகப் பல நாற்காலிகள் இழுபட்டு, ஆட்கள் உட்காரும் சத்தம். மாடிக்கு இன்னும் ஒரு நாற்காலிகூட வந்து இறங்கவில்லை என்பது தேவசகாயத்துக்குத் தெரியும். முள் மெல்ல நகர்ந்து, சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னே நின்றது.

அந்தப் பயத்திலும் மனுஷனுக்கு ஒரு பெருமை. "நான் சொன்ன அளவுதான் மேடம்" என்றார் ரகசியமாக.

மரகதவல்லி விரலை உயர்த்தி மாடியைக் காட்டினார்.

அப்புறம் காலடிகள் வந்தன. செருப்புக் கால், கொலுசுக் கால், கைத்தடி ஊன்றிய கால். வந்தவை உட்காரவில்லை. ஒரு குழந்தை சிணுங்கியது. "இலைய எடுக்கட்டும், நில்லு கண்ணு" என்றது ஒரு பெண் குரல். முள் கோட்டைத் தாண்டியது. மேலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து தேவசகாயத்தின் தோளில் விழுந்தது.

எழுந்து படியேறி ஓடினார். கூடம் காலி. தரைத் தூசியில் அவர் கால்தடம் தவிர வேறு தடம் இல்லை. இறங்கி வந்தபோது மேலே சத்தம் அப்படியே இருந்தது.

"மேல யாரும் இல்ல மேடம்."

"எத்தனை பேரு நிக்கிறாங்க?"

காது கொடுத்துக் கேட்டார். "உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தர் பின்னாலயும் ஒருத்தர்."

"எதுக்கு நிக்கிறாங்க?"

பந்திக்கு முந்து என்று பழகிய சனம். சாப்பிடுகிறவர் ரசத்துக்கு வருவதற்குள் அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நின்றுவிடுவார். தேவசகாயமும் எத்தனையோ கல்யாணத்தில் அப்படி நின்றவர்தான். கணக்குப் போடும்போது மட்டும் அவர்களை மறந்துவிட்டார்.

"அடுத்த பந்திக்கு" என்றார்.

உத்தரத்துக்குள் எங்கோ சடக்கென்று ஒரு சத்தம். முள் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. அந்தக் குழந்தையின் சிணுங்கல் நின்றிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"யாரு மேடம் இவங்க?" என்று கேட்டார். "செத்தவங்களா?"

மரகதவல்லி முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது உங்க கையெழுத்தப் பொறுத்தது."