புழுதி சொன்ன சாட்சி

செங்கல் லாரி ஓட்டும் மாரப்பனைச் சாமானியமாக நினைத்துவிடக் கூடாது. சூளைச் சாலையில் புது இன்ஸ்பெக்டர் கைகாட்டியதும் வண்டியை ஓரங்கட்டினான், இன்ஜினை அணைத்தான், கைகளை ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டான்.

"என்னைப் பாத்த பிறகுதானே சீட் பெல்ட் மாட்டுன? முன்னாடியே போட்டிருந்தேன்னு நிரூபி. இல்லாட்டி லைசென்ஸ் போச்சு."

"இறங்கட்டுங்களா சார்?" என்று கேட்டுவிட்டு, பெல்ட்டைக் கழற்றி இறங்கினான். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்புழுதி. தோளிலிருந்து இடுப்புவரை மட்டும் ஒரு பட்டை பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"புழுதி பொய் சொல்லாதுங்க சார்."

வேடிக்கை பார்க்கச் சாலையோரம் கூடியிருந்த கூட்டம் அந்தப் பட்டையைப் பார்த்தது. பிறகு, அதே சாலையில் ஜீப்பை ஓட்டி வந்திருந்த இன்ஸ்பெக்டரின் காக்கிச் சட்டையைப் பார்த்தது. அதில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே சிவப்பு.

மரியாதை தெரிந்த மாரப்பன் மட்டும் வானத்தைப் பார்த்தான்.